மரக்கிளையில் கட்டிய சோறு

விடுதி அறிவிப்புப் பலகையில் அந்தச் சுற்றறிக்கையை ஒட்டியபோது மாலை நான்கு மணி இருக்கும். இடைநீக்கம் செய்யப்பட்ட ஐந்து மாணவிகளின் பெயர்கள் மேலே இருந்தன. கீழே ஒரு வரி: இவர்களைத் தங்கள் அறைகளில் தங்கவைக்கும் மாணவிகள் மீதும் இதே நடவடிக்கை எடுக்கப்படும். சமையற்கூடத்தில் பல வருடங்களாக எங்களுக்குச் சோறு போட்ட ஓர் அக்காவைக் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அது ஏன் என்று கேட்டு, ஐந்து பேரும் ஒரு பகல் முழுவதும் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தது அவ்வளவுதான்.

இரவு ஒன்பதரைக்கு என் கதவு தட்டப்பட்டது. ஐவரில் ஒருத்தி, என் வகுப்புத் தோழி. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. பத்து மணிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"எங்கள் ஊருக்குக் காலை ஐந்தரைக்குத்தான் முதல் பஸ். அதுவரை உன் அறையில் இருந்துகொள்ளட்டுமா?"

"நாளைக்குத் தேர்வு இருக்கிறதே" என்றேன்.

அவளுக்கும் அந்தத் தேர்வு இருந்தது. எழுத முடியாது என்று ஆகியிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. "சரி, கொஞ்சம் தண்ணீர் மட்டும் கொடு" என்றாள். பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். கதவைப் பாதிதான் திறந்து வைத்திருந்தேன். அந்த இடைவெளி வழியாகவே பாட்டில் என்னிடம் வந்தது, அந்த இடைவெளி வழியாகவே திரும்பிப் போனது. அன்று இரவு முழுவதும் அவள் பஸ் நிலையத்தில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

தண்ணீர் கொடுத்தேனே என்று சில மாதங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. அடுத்த பருவத்தில் எங்கள் பேராசிரியர் சட்ட மறுப்பையும் மனசாட்சியையும் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொன்னார். சாக்ரடீஸ், தோரோ, காந்தி என்று வகுப்பில் எல்லாரும் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பக்கத்தில் இருப்பதை எடுப்போம் என்று வேதாரண்யத்தை எடுத்தேன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் அப்போது இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க, மாவட்ட ஆட்சியரின் உத்தரவு ஒன்று வந்தது. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். எங்கள் விடுதிப் பலகையில் இருந்த அதே வரி அது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல். காந்தியடிகள் அதற்கு ஒரு வாரம் முன்புதான் தண்டியில் உப்பை அள்ளியிருந்தார். உப்புக் காய்ச்சுவதும் விற்பதும் அரசின் பிடியில் இருந்த காலம். கடற்கரையில் கிடக்கும் உப்பைக் கையால் அள்ளினாலே குற்றம்.

தஞ்சை மாவட்டத்தின் ஆட்சியராக இருந்தவர் தார்ன் என்ற ஆங்கிலேயர். புத்திசாலி என்றே அவரைச் சொல்ல வேண்டும். நடப்பவர்களை அடித்தால் ஊர் திரளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் நடப்பவர்களை விட்டுவிட்டு, வழியில் இருக்கும் வீடுகளின் பக்கம் திரும்பினார். தொண்டர்களுக்கு உணவு கொடுத்தாலும் தங்க இடம் கொடுத்தாலும் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு என்று மாவட்டம் முழுவதும் அறிவித்தார். நூறு பேர் பதினைந்து நாள் நடக்க வேண்டும். சித்திரை வெயில். சோறும் நிழலும் கிடைக்காவிட்டால் தானாகவே நின்றுவிடுவார்கள் என்பது கணக்கு.

ஆறு மாதச் சிறை என்றால் டெல்டாவில் என்ன பொருள் என்று யோசித்துப் பார்த்தேன். சித்திரையில் உள்ளே போனால் ஐப்பசியில்தான் வெளியே வரலாம். குறுவை போயிற்று, சம்பா நடவும் போயிற்று. குத்தகைக்கு உழும் குடும்பத்துக்கு அது ஒரு வருடச் சோறு. "ஊர் வம்பு நமக்கு எதற்கு அம்மா" என்று என் அப்பா தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அவர் கோழை இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான், அந்தப் படி சறுக்கிவிடக் கூடாது என்று பயப்படுகிறார். இல்லாதவர்களின் பயம் பொய்ப் பயம் இல்லை. தார்ன் அதை நன்றாக அறிந்திருந்தார். எங்கள் விடுதியில் அந்த வரியை எழுதியவரும் அறிந்திருந்தார்.

அந்தப் பயத்தோடுதான் தஞ்சை மாவட்டத்து மக்கள் சோறு போட்டார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே தம் வீட்டில் தொண்டர்களை வரவேற்று உபசரித்தார். அதற்காகச் சிறைக்குப் போனார். வெளிப்படையாகச் செய்ய முடியாதவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இளைப்பாறும்போது யாரோ ஒருவர் அந்தப் பக்கமாக நடந்து போவார். மணலில் ஓரிடத்தைக் காட்டிவிட்டு நிற்காமல் போய்விடுவார். தோண்டினால் உள்ளே சோற்றுப் பாத்திரம் இருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. சட்ட மறுப்பு என்றால் ஒளிவுமறைவு கூடாது என்றுதான் படித்திருந்தேன். மீறுகிறவர் ஊரறிய மீற வேண்டும், தண்டனையையும் ஏற்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகள்தாம் சத்தியாகிரகியையும் திருடனையும் பிரிக்கின்றன. காந்தியடிகளுக்கு இரகசியம் பிடிக்காது. அப்படியானால் இருட்டில் வந்து மரத்தில் சோறு கட்டியவர்களை எங்கே சேர்ப்பது? கட்டுரையின் முதல் வரைவில் அவர்களை "துணைச் செயல்" என்று ஒரு பத்தியில் ஒதுக்கிவிட்டேன். பேராசிரியர் அந்தப் பத்தியின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வேறு எதுவும் எழுதவில்லை.

அந்தக் கேள்விக்குறியோடு பல நாள் மல்லுக்கட்டினேன். இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். ராஜாஜி ஒரு சட்டத்தை மீறப் புறப்பட்டார். அந்த வீட்டுப் பெண்கள் எதையும் மீறப் புறப்படவில்லை. வழிநடந்து வருகிறவர்களுக்குச் சோறு போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்த வழக்கம். வாசலில் யாரோ நிற்கத் தான் மட்டும் உள்ளே உட்கார்ந்து உண்பது கேவலம் என்று சொல்லி வளர்த்த ஊர். அரசாங்கம் ஒருநாள் வந்து நடுவில் நின்றுகொண்டு, இனி இது குற்றம் என்றது. அவர்கள் எப்போதும் செய்துகொண்டிருந்ததை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். வாசல் வழியாகப் போட முடியாததை மரத்தின் வழியாகப் போட்டார்கள்.

அதோடு, மரத்தில் கட்டிய சோற்றுக்கு நன்றி சொல்ல ஆள் கிடையாது. கட்டியவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. தியாகிகள் ஓய்வூதியத்துக்கு அவர்கள் யாரும் விண்ணப்பம் கொடுத்திருக்க முடியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். உப்புக்காக நடந்த அந்த நடையில், சோற்றில் உப்பிட்டவர் யார் என்று உண்டவர்களுக்கே தெரியாது. இதைவிடச் சுத்தமான கொடையை நான் படித்ததில்லை.

வேதாரண்யம் பக்கம் இன்றும் சொல்லப்படும் வைரப்பனின் கதையையும் சொல்லியாக வேண்டும். முடிதிருத்தும் தொழிலாளி. அந்த நாட்களில் வெளியூரிலிருந்து வந்து குவிந்திருந்த போலீஸ்காரர்களுக்கு ஊரார் ஒத்துழைக்க மறுத்துவிட்டார்கள். சலவைத் தொழிலாளர் துணி வாங்கவில்லை, முடிதிருத்துவோர் கத்தி எடுக்கவில்லை. சாதாரண உடையில் வந்து உட்கார்ந்த ஒருவருக்கு வைரப்பன் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதியில்தான் அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பக்கக் கன்னம் மழித்தபடி, மறு பக்கம் சோப்பு நுரையோடு அந்தப் போலீஸ்காரர் அவரை மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனார். மிச்சத்தையும் மழித்துவிடு, இல்லாவிட்டால் சிறை என்றார் மாஜிஸ்திரேட். வைரப்பன் தன் பெட்டியை அவர் முன்னால் வைத்தார். "என்னால் முடியாது ஐயா. வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள்" என்றாராம். ஆறு மாதச் சிறை கிடைத்தது.

இந்தக் கதையை முதலில் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்ட நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. நம் ஊர்களில் முடிதிருத்தும் தொழிலாளிக்குக் குடிமகன் என்று ஒரு பெயர் உண்டு. ஊருக்குக் குடித்தொழில் செய்யக் கடமைப்பட்டவர் என்ற பொருளில். கூப்பிட்ட வாசலுக்குப் போக வேண்டும், கொடுத்த நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் உரிமை அந்தப் பெயரில் கிடையாது. இன்று பள்ளிக்கூடத்தில் குடிமகன் என்றால் நாட்டின் உரிமை பெற்ற ஆள் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே சொல். பழைய பொருளிலிருந்து புதிய பொருளுக்கு அது எந்த நாளில் மாறியது என்று யாராவது என்னைக் கேட்டால், வைரப்பன் கத்தியைக் கீழே வைத்த நாளில் என்று சொல்வேன்.

ஆனாலும் என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி ஒன்று இதில் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. துணி வெளுக்கமாட்டோம், முடி வெட்டமாட்டோம், தண்ணீர் தரமாட்டோம் என்பது நம் கிராமங்களுக்குப் புதிய ஆயுதம் இல்லை. ஊர்விலக்கு என்ற பெயரில், எளிய சாதிகளின் கழுத்தை நெரிக்க எத்தனையோ முறை அதே ஆயுதம் எடுக்கப்பட்டிருக்கிறது, இன்றும் எடுக்கப்படுகிறது. அந்தப் போலீஸ்காரரும் ஒரு சம்பளக்காரர். அவருக்கும் வீட்டில் ஆறு வாய்கள் இருந்திருக்கலாம். அப்படியானால் வைரப்பன் செய்தது சரியா?

சரி என்றே நினைக்கிறேன். ஊர்விலக்கில் வலியவர் கூட்டமாக நின்று எளியவரை மறுக்கிறார். மறுத்தவருக்கு எந்த நட்டமும் வராது. வைரப்பன் தனியாக நின்று துப்பாக்கி வைத்திருப்பவரை மறுத்தார். அதன் விலையைத் தானே கொடுத்தார். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே மறுப்புதான். விலை யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இருந்தாலும் அந்த எல்லை மெல்லியது. கூட்டமாக நின்று நாங்கள் மறுக்கிறோம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

மனசாட்சி என்ற சொல்லையும் இப்போதுதான் பிரித்துப் பார்க்கிறேன். மனத்தின் சாட்சி. சாட்சி தீர்ப்புச் சொல்லாது, தண்டிக்காது. இருந்து பார்க்கும், கேட்டால் கண்டதைச் சொல்லும். என் மனசாட்சி அன்று தூங்கிவிட்டது என்று முன்பெல்லாம் நினைத்தேன். இல்லை. அது விழித்துத்தான் இருந்தது. பாதி திறந்த கதவு, அவள் தோள் பை, பாட்டிலின் மூடியைத் திருகும்போது என் விரல்கள் அவசரப்பட்டது, எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறது. நான்தான் அதைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் நான் கேட்டது பயத்தை மட்டும்தான்.

வகுப்பில் தோரோவை எடுத்துக்கொண்ட நண்பர் வாசித்த கட்டுரையில் ஒரு சின்ன விஷயம் வந்தது. 1846 ஜூலையில் அமெரிக்காவின் கான்கார்டு ஊரில், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த செருப்பை வாங்கத் தோரோ போகிறார். வழியில், பல வருடங்களாகத் தலைவரி கட்டவில்லை என்று பிடித்து அடைக்கிறார்கள். அடிமை முறையை வைத்திருக்கும், மெக்சிகோ மீது போர் தொடுத்திருக்கும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்பது அவர் வாதம். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் காலையில் வெளியே விடுகிறார்கள். வெளியே வந்தவர் நேராகப் போய்ச் செருப்பை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பிறகு ஊராரோடு குன்றின் மேல் பெர்ரிப் பழம் பறிக்கப் போய்விடுகிறார். நண்பர் இதை ஒரு வேடிக்கைத் தகவலாகத்தான் வாசித்தார். எனக்கு அது கட்டுரை முழுவதையும்விடப் பெரிதாகப் பட்டது. சிறைக்கு முந்தைய நாள் எந்த வாழ்க்கை நடந்துகொண்டிருந்ததோ, அதே வாழ்க்கையை மறுநாள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார். சிறை அதில் ஓர் இரவு.

நல்ல வாழ்க்கை என்றால் எங்கள் வீட்டில் வம்பில்லாத வாழ்க்கை. என் தோழிகள் சிலருக்கு அது போராட்டம் நிறைந்த வாழ்க்கை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் இரண்டு வருடங்களாகக் குழம்பினேன். மரத்தில் சோறு கட்டியவர்களுக்கு அந்தக் குழப்பம் இருந்திருக்காது. அவர்கள் நேற்றும் சோறு போட்டார்கள், இன்றும் போட்டார்கள். கையில் அந்தப் பழக்கம் இருந்ததால்தான் தார்னின் உத்தரவு அவர்களை இடறியது. என் கையில் என்ன பழக்கம் இருந்தது? யாரும் என் அறைக்கு வந்து தங்கியதில்லை, நானும் யாரையும் அழைத்ததில்லை. அந்தச் சுற்றறிக்கை என்னிடம் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்துவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

கட்டுரையைக் கொடுத்து முடித்து இரண்டு வருடங்கள் கழித்து, ஏப்ரல் கடைசியில் வேதாரண்யம் போனேன். திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறினேன். ராஜாஜி உப்பை அள்ளிக் கைதான அகத்தியம்பள்ளி, ஊரிலிருந்து கோடியக்கரை போகும் சாலையில் இருக்கிறது. அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளுகிறார்கள். தூணைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம். பாத்திகளில் வெள்ளை கட்டி நின்ற தண்ணீரில் வெயில் கண்ணைக் குத்தியது. முட்டியும் கணுக்காலும் வெடித்த கால்களோடு உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள், பகல் சாப்பாட்டுக்குக் கொட்டகைக்கு வந்தார்கள். நான் யார், எதற்கு வந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. "வெயிலில் நிற்காதே பாப்பா, உள்ளே வா" என்றார் ஒரு வயதான அம்மா. தூக்குவாளியின் மூடியைக் கவிழ்த்து, அதில் பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, சுட்ட கருவாட்டில் ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டார். அவருக்கு இருந்ததே அந்த வாளிச் சோறுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைத்தெருவில் ஒரு கோரைப்பாய் வாங்கினேன். ஒருவர் தாராளமாகப் படுக்கலாம். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். இப்போது விடுதியில் இல்லை, வாடகை அறை. பாய் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது.

தோழிக்கு அந்த வாரமே கடிதம் எழுதினேன். தொலைபேசியில் பேசத் தைரியம் வரவில்லை. அவள் ஒரு வருடம் இழந்து, வேறு கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடித்திருந்தாள். நான்கு நாள் கழித்து அவளே பேசினாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சமையற்கூடத்து அக்கா இப்போது தன் ஊரில் இட்லிக் கடை வைத்திருக்கிறார், நன்றாக ஓடுகிறது என்று சொன்னாள். பிறகு, "அடுத்த மாதம் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், முந்தின இரவு வரலாமா?" என்றாள்.

வந்தாள். பாயை விரித்தேன். பதினொரு மணி வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தோம், அந்த இரவைத் தவிர. நான்கு மணிக்கு அலாரம் அடித்ததும் எழுந்து, பாயை அவளே சுருட்டி வைத்தாள். நான் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினேன். தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவள் பைகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு, பஸ் நிலையம் வரை நானும் நடந்தேன்.